சம்பளம் உயர்ந்தால் வரி விகிதமும் உயர்வது நியாயமா?

கேள்வி: வணக்கம் சார். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். ஆண்டுச் சம்பளம் 22 லட்சம். இப்போது பதவி உயர்வு கொடுத்து 27 லட்சம் ஆக்குகிறோம் என்கிறார்கள். ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. "நீங்க 30 சதவீத ஸ்லாப்புக்குள்ள போயிட்டீங்க, ஏறுறதெல்லாம் வரிக்கே போயிடும், வேண்டாம்னு சொல்லிடுங்க" என்கிறார் பக்கத்து சீட்டுக்காரர். என் கணவர் வேலையை விட்டுவிட்டுப் படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். என் அத்தை மகன் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். என்னைவிட வசதியாக இருக்கிறான், ஆனால் ஒரு பைசா வருமான வரி கட்டுவதில்லை. அதிகம் உழைத்துச் சம்பாதிப்பவரிடம் அதிக விகிதத்தில் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்? எல்லோருக்கும் ஒரே மாதிரி 15 சதவீதம் என்று வைத்துவிட்டால் என்ன?

- ஒரு வாசகி, கோவை

பதில்: வணக்கம்மா. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அதில் பாதி நியாயமான கோபம். ஆனால் அது தப்பான ஆளின் மேல் திரும்பியிருக்கிறது என்று நினைக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதைப் பார்த்துவிடுவோம். அவர் பேச்சை நம்பி நீங்கள் பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

முப்பது வருடத்துக்கு மேலாக ஆடிட்டராக இருக்கிறேன். வருடத்துக்கு நாலைந்து பேராவது இதே பயத்தோடு என் எதிரில் வந்து உட்காருகிறார்கள். 30 சதவீத ஸ்லாப் என்றதும் மொத்தச் சம்பளத்துக்கும் 30 சதவீதம் என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. உண்மையில் ஸ்லாப் மாறுவது ஆளுக்கு அல்ல, ரூபாய்க்கு. உங்கள் பணத்தை முதல் ரூபாயிலிருந்து வரிசையாக அடுக்கினால், ஒவ்வொரு அடுக்குக்கும் தனி விகிதம். மேலே புதிதாக ஓர் அடுக்கு சேர்வதால் கீழே இருக்கும் அடுக்குகளின் வரி ஒரு ரூபாய்கூட ஏறாது.

2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி உங்களுக்கே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 27 லட்சத்தில் சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் நிலையான கழிவு 75,000 போனால் வரிக்குரியது 26.25 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அது 20,000 ரூபாய். 8-லிருந்து 12 லட்சம் வரை 10 சதவீதம், 40,000. அதற்கு மேல் 16 லட்சம் வரை 15 சதவீதம், 60,000. 20 லட்சம் வரை 20 சதவீதம், 80,000. 24 லட்சம் வரை 25 சதவீதம், 1 லட்சம். இதுவரை 3 லட்சம் ஆயிற்றா? 30 சதவீதம் என்று உங்களைத் தூங்கவிடாமல் செய்கிற விகிதம் மிச்சமிருக்கும் 2.25 லட்சத்துக்கு மட்டும்தான். அது 67,500 ரூபாய். மொத்தம் 3,67,500. அதன் மேல் செஸ் என்கிற 4 சதவீதக் கூடுதல் வரியையும் சேர்த்தால் 3,82,200.

இப்போது 22 லட்சத்துக்கு, செஸ்ஸோடு சேர்த்து, 2,40,500 ரூபாய் கட்டுகிறீர்கள். ஆக, 5 லட்சம் கூடுதலாக வருகிறபோது வரி 1,41,700 ஏறுகிறது, 3,58,300 உங்கள் கைக்கு வருகிறது. மாதத்துக்குக் கிட்டத்தட்ட 30,000. 27 லட்சத்தில் நீங்கள் கட்டும் மொத்த வரி 14 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். பதவி உயர்வை வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த 14 சதவீதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

அப்புறம் உங்கள் யோசனை, எல்லோருக்கும் ஒரே 15 சதவீதம். அதையும் போட்டுப் பார்த்தேன். 26.25 லட்சத்தில் 15 சதவீதம் 3,93,750. இப்போது வரும் 3,67,500-ஐவிட உங்களுக்கே 26,250 ரூபாய் அதிகம், செஸ் தனி. வரிக்குரிய வருமானம் 28 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்த ஏற்பாடு ஒருவருக்கு லாபம். 1 கோடி வாங்குகிறவர் இப்போது, பெரிய வருமானத்துக்கு வரியின் மேல் போடும் சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 29.5 லட்சம் கட்டுகிறார். உங்கள் ஏற்பாட்டில் அவர் 15.6 லட்சம் கட்டினால் போதும். அதாவது, நீங்கள் உங்களுக்காகக் கேட்ட சலுகை உங்களுக்கு வராமல் அவருக்குப் போய்ச் சேரும்.

மேலே குறைகிற பணத்தைக் கீழே இருந்துதான் எடுக்க வேண்டும். என் அலுவலகத்தில் ஒரு பையன் இருக்கிறான். ஃபைல் எடுத்துக் கொடுப்பது, பேங்குக்குப் போய் வருவது எல்லாம் அவன்தான். மாதம் 28,000 சம்பளம், கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. போன மாதம் அவன் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்.ஐ.சி. பிரீமியமா, நான் கட்டட்டுமா என்று கேட்டேன். "இல்ல சார், மாசக் கணக்கு" என்று நீட்டினான். வாடகை, பால், கேஸ், குழந்தையின் வேன் ஃபீஸ், அப்பாவுக்கு சுகர் மாத்திரை. எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் மிச்சம் என்று 900 ரூபாய் போட்டிருந்தான். விலக்கே இல்லாத 15 சதவீதம் என்றால் அவனிடம் மாதம் 4,200 பிடிக்க வேண்டும். அந்தச் சீட்டில் எந்தச் செலவை அடிப்பான்? சுகர் மாத்திரையையா, வேனையா?

உங்களிடமிருந்து மாதம் 30,000 ரூபாய்க்கு மேல் போகிறது. அவனிடமிருந்து 4,200 போனாலும் இரண்டும் "பதினைந்துக்குப் பக்கம்" என்றுதான் காகிதத்தில் தெரியும். ஆனால் உங்களிடம் எடுப்பது சேமிப்பிலிருந்து, கொஞ்சம் சௌகரியத்திலிருந்து. அவனிடம் எடுப்பது சோற்றிலிருந்து. விகிதம் ஒன்றாக இருக்கிறது என்பதற்காகச் சுமையும் ஒன்றாகிவிடாது. படிப்படியாக ஏறும் விகிதத்துக்கு இருக்கும் அடிப்படை நியாயம் இதுதான். இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் எங்கள் ஊர்க் கோயில் திண்ணையில் பார்த்துவிட்டேன்.

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். அப்பாதான் கணக்கு எழுதுவார். கல்யாணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. பணக்காரன், ஏழை பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே தொகை. பார்த்தால் உங்கள் ஒரே விகிதத்தைவிடக் கறாரான ஏற்பாடு. ஆனால் அப்பா நோட்டில் சில பேருக்கு நேராகச் சிவப்பு மையில் 'அ' என்று போட்டிருப்பார். அரை வரி என்று அர்த்தம். புருஷனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்துகிற பெண்களின் வீடுகள் அவை. இன்னொரு பக்கம், ஐந்தாம் நாள் மண்டகப்படி என்றால் அது ரைஸ் மில்காரர் வீட்டுடையது. மேளம், பந்தல், அன்னதானம், அன்றைக்கு ஆகும் செலவு மொத்தமும் அவர்கள் பொறுப்பு.

ஒரு வருடம் மில்காரர் கேட்டார்: "எல்லாரையும் போலத்தான் நானும் தலைக்கட்டு குடுக்கிறேன். மண்டகப்படி மட்டும் ஏன் என் தலையில?" கூட்டத்தில் ஒரு பெரியவர் சத்தம் போடாமல் சொன்னார்: "ஊருல விளையிற நெல்லு எல்லாம் உன் மில்லுக்குத்தானப்பா வருது." மில்காரர் அதற்கு மேல் பேசவில்லை. ஊர் இருப்பதால்தான் மில் ஓடுகிறது. உங்கள் நிறுவனத்துக்கும் அது பொருந்தும். தடையில்லாத மின்சாரம், நீதிமன்றம், விமான நிலையம், அரசு மானியத்தில் படித்துவிட்டு வந்த பொறியாளர்கள் என்று பொதுப் பணத்தில் உருவானவற்றின் பலன் மேலே போகப் போக அதிகமாகத்தான் சேருகிறது.

தலைக்கு இவ்வளவு என்று ஒரு நாடு நிஜமாகவே வசூலித்துப் பார்த்ததும் உண்டு. பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் பிரிட்டனில் உள்ளூர் வரியைத் தலைவரியாக மாற்றினார், 1989-ல் ஸ்காட்லாந்திலும் 1990-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும். மாளிகையில் இருப்பவருக்கும் வாடகை அறையில் இருப்பவருக்கும் ஒரே தொகை. 1990 மார்ச் 31 அன்று லண்டனில் கலவரம் வெடித்தது. அந்த வருட நவம்பரில் அவர் பதவி விலக இதுவும் ஒரு காரணம். 1993-ல் அந்த வரியை எடுத்தே விட்டார்கள். ஒரே விகித வருமான வரிக்கு ரஷ்யா ஓர் உதாரணம். 2001-லிருந்து எல்லோருக்கும் 13 சதவீதம் என்று இருந்தது. 2021-ல் மேலே 15 சதவீதத்துக்கு ஒரு படி சேர்த்தார்கள், 2025-லிருந்து 13-இல் தொடங்கி 22 வரை ஐந்து படிகள்.

உங்கள் பக்கத்து வாதத்தைச் சொன்ன பெரிய ஆட்களும் இருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் பொருளியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில், உயிர் வாழத் தேவையான வருமானத்துக்கு விலக்குக் கொடுத்துவிட்டு அதற்கு மேல் ஒரே விகிதம் போடலாம் என்றார். ஏறும் விகிதம் உழைப்பையும் சேமிப்பையும் தண்டிக்கும் என்பது அவருடைய கவலை, உங்களுடையதும் அதுதான். ஆனால் அவர் சொன்ன மாதிரியே செய்தாலும் சுமை ஏறத்தான் செய்யும். 4 லட்சம் விலக்கு, மிச்சத்துக்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 லட்சம் சம்பாதிப்பவர் 40,000 கட்டுவார், அது அவர் வருமானத்தில் 7 சதவீதத்துக்கும் கீழ். 24 லட்சம் சம்பாதிப்பவர் 4 லட்சம் கட்டுவார், கிட்டத்தட்ட 17 சதவீதம். ஏழைக்கு விலக்கு என்று ஒரு வார்த்தை சொன்ன உடனேயே வரி படியேறத் தொடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை படி, எவ்வளவு செங்குத்து என்பதுதான் பேச்சு. அதே ஜான் ஸ்டூவர்ட் மில், பரம்பரையாக வரும் பெரிய சொத்துக்குக் கடுமையாக வரி போடச் சொன்னவர். அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

எவ்வளவு செங்குத்து என்பதில் நம் நாடு பெரிய தப்பு செய்து திருந்தியிருக்கிறது. 1973-74-ல் உச்ச விகிதம் சர்சார்ஜோடு 97.75 சதவீதம். 2 லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் கையில் நிற்பது இரண்டேகால் ரூபாய். சொத்து வரி வேறு தனியாக இருந்தது. யார் உண்மைக் கணக்குக் காட்டுவார்? அளவுக்கு மீறிய விகிதமே கறுப்புப் பணத்தை வளர்க்கிறது என்று அரசு அமைத்த வாஞ்சூ குழு 1971-லேயே சொல்லிவிட்டது. 1974-ல் 77 சதவீதம் ஆனது. 1976-ல் நம்ம ஊர் சி. சுப்பிரமணியம் நிதியமைச்சராக இருந்து 66 ஆக்கினார். 1985-ல் வி.பி. சிங் 50 ஆக்கினார். 1997-ல் ப. சிதம்பரம் 10, 20, 30 என்று மூன்றே படிகளில் நிறுத்தினார். நான் தொழிலுக்கு வந்த புதிதில் சீனியர் ஆடிட்டர்கள் அந்த 97 சதவீதக் காலத்துக் கதைகளைச் சொல்வார்கள். இரண்டு நோட்டு வைக்காத கடையே கிடையாது என்பார்கள். ஆகவே, படிகள் நியாயம் என்று நான் சொல்வது எந்த உயரமும் நியாயம் என்று சொல்வதாகாது. இன்றைய 30 என்னைப் பொறுத்தவரை தாங்கக்கூடிய உயரம்தான்.

பக்கத்து சீட்டுக்காரர் சொன்னது உண்மையாகிற ஓர் இடமும் இருக்கிறது, உங்களுக்கு அது பொருந்தாது என்றாலும் தெரிந்துகொள்ளுங்கள். வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை தள்ளுபடி கொடுத்து வரியைப் பூஜ்ஜியமாக்கிவிடுகிறார்கள். 12 லட்சத்தைத் தாண்டினால் தள்ளுபடி மொத்தமாகப் போய்விடும். 12.10 லட்சம் என்றால் கணக்குப்படி 61,500 வர வேண்டும். 10,000 அதிகமாகச் சம்பாதித்தவரிடம் 61,500 கேட்பது அநியாயம் என்பதால், தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாதபடி மார்ஜினல் ரிலீஃப் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதனால் அவர் 10,000 கட்டுவார், அதன் மேல் செஸ் 400. அதாவது கூடுதலாக வந்த பணம் முழுக்கப் போய், கையிலிருந்து 400-ம் போகும். ஏறக்குறைய 12.70 லட்சம் வரை இதே கதைதான். அந்த இடைவெளிக்குள் மாட்டிக்கொண்ட ஒரு ஊழியர் இன்கிரிமென்ட் கடிதத்தோடு என்னிடம் வந்தால், அவருக்கு எந்த நியாயத்தையும் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. இது படி அல்ல, பள்ளம். சரிசெய்ய வேண்டிய விஷயம்.

சரி, உங்கள் அத்தை மகனுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் உண்மையான வலி அங்கேதான் இருக்கிறது.

அவர் சட்டத்தை மீறித்தான் வரி கட்டாமல் இருக்கிறார் என்று சொல்ல முடியாது. சிறு வியாபாரிகள் கணக்குப் புத்தகம் வைக்கிற தொல்லை இல்லாமல், விற்பனையில் ஒரு விகிதத்தை லாபமாகக் காட்ட சட்டம் இடம் தருகிறது. ரொக்கமாக வந்ததற்கு 8 சதவீதம், வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ வந்ததற்கு 6 சதவீதம். வருடத்துக்கு 1.8 கோடிக்கு விற்று, எல்லாப் பணமும் வங்கி வழியாக வந்தால், 10.8 லட்சம் லாபம் என்று காட்டலாம். 12 லட்சத்துக்குக் கீழே, வரி பூஜ்ஜியம். ஆனால் உண்மையில் அதைவிட அதிகமாகச் சம்பாதித்திருந்தால் அந்தத் தொகையைத்தான் காட்ட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்தப் பாதியைப் பலர் படிப்பதே இல்லை. டைல்ஸில் உண்மையாகவே 20 லட்சம் நின்றிருந்தால், மிச்சம் 9.2 லட்சம் யார் கண்ணிலும் படாமல் போகிறது. உங்கள் சம்பளம் அப்படிப் போக முடியாது. கைக்கு வருவதற்கு முன்பே டி.டி.எஸ். என்று வரியைப் பிடித்து, கம்பெனி தரும் ஃபார்ம் 16 சான்றிதழில் பைசா சுத்தமாக அச்சடித்துவிடுகிறார்கள்.

இதை நான் சொல்ல வேண்டிய பொறுப்பு இருக்கிறது. என் வருமானத்தில் பெரும்பகுதி, படியேறாமல் இருக்க வழி கேட்டு வருகிறவர்களிடமிருந்து வருவது. சட்டத்துக்குள் இருக்கிற வழியைத்தான் காட்டுகிறேன், மனசறிந்து சொல்கிறேன். ஆனாலும் சம்பளக்காரருக்கு நான் காட்ட முடிகிற வழி ஒரு பக்கம் என்றால், சொத்துக்காரருக்கு ஒரு நோட்டு நிறைய இருக்கிறது. அதுதான் என்னை உறுத்துகிறது.

பாருங்கள். ஒருவர் ஒரு வேலையும் செய்யாமல், ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்குகளை விற்று அதே 27 லட்சம் லாபம் பார்க்கிறார். வேறு வருமானம் இல்லை. 4 லட்சம் அடிப்படை விலக்கும், பங்கு லாபத்துக்கான 1.25 லட்சம் விலக்கும் போக மிச்சத்துக்கு 12.5 சதவீதம். செஸ்ஸோடு 2,82,750 ரூபாய். காலை ஒன்பதுக்குப் போய் இரவு எட்டுக்கு வருகிற நீங்கள் அவரைவிட ஏறக்குறைய 1 லட்சம் அதிகம் கட்டுகிறீர்கள். இன்னும் மேலே போங்கள். பங்கு விற்று 10 கோடி லாபம் பார்க்கிறவருக்கும் இந்த 12.5 சதவீதம்தான். சர்சார்ஜும் 15 சதவீதத்தில் நின்றுவிடும். எல்லாம் கூட்டினாலும் 15 சதவீதத்தைத் தொடாது. நினைவிருக்கிறதா, உங்களுடையது 14. பங்கில் நஷ்டமும் வரும், கம்பெனி ஏற்கெனவே வரி கட்டியிருக்கிறது என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் 27 லட்சமும் 10 கோடியும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் வந்து நிற்பதற்கு அந்தச் சமாதானம் போதவில்லை. உச்சியில் படிகளே இல்லை.

பரம்பரைச் சொத்து என்றால் அதுவும் கிடையாது. இறந்தவர் விட்டுப்போகும் சொத்துக்கு நம் நாட்டில் இருந்த எஸ்டேட் வரியை 1985-ல் எடுத்துவிட்டார்கள். பாட்டன் உயிலில் 27 கோடி வந்தாலும் வாங்குகிறவருக்கு வருமான வரி இல்லை. விவசாய வருமானத்துக்கு விலக்கு இருப்பது சிறு விவசாயிக்காக என்பார்கள். இரண்டு ஏக்கர்காரர் எப்படியும் 4 லட்சத்தைத் தாண்டப் போவதில்லை, அவருக்கு அந்த விலக்கே தேவைப்படாது. நூறு ஏக்கர்காரருக்குத்தான் அது பயன்படுகிறது. ஆக, ஏறும் விகிதம் என்பது மாதச் சம்பளக்காரரை மட்டும் முழுசாகப் பிடிக்கிறது. அநியாயம் அங்கே இருக்கிறது. அதைச் சரிசெய்யப் படிகளை இடிக்கக் கூடாது, எல்லோரையும் படி வழியாக வரச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன விஷயம். வீட்டில் ஒரே சம்பளம் என்றீர்களே, அது. உங்கள் அடுக்ககத்தில் எதிர் வீட்டில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போய் ஆளுக்கு 13.5 லட்சம் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டு வருமானமும் 27 லட்சம்தான். அவர்கள் இருவரும் சேர்ந்து கட்டும் வரி செஸ்ஸோடு 1,48,200. உங்கள் வீட்டிலிருந்து 3,82,200. இரண்டு லட்சத்து முப்பத்து நாலாயிரம் வித்தியாசம். அவர்களுக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க, போய் வர என்று செலவு இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இவ்வளவா? வருமான வரிச் சட்டம் ஆளைப் பார்க்கிறது, குடும்பத்தைப் பார்ப்பதில்லை. உங்கள் கணவர் மாமியாரைத் திருப்பிப் படுக்க வைத்து, மருந்து கொடுத்து, குளிப்பாட்டிவிடுகிற வேலைக்கு அதில் இடம் இல்லை. அதற்கு ஒரு ஆள் வைத்தால் ஆகிற சம்பளத்தைக் கழித்துக்கொள்ளவும் இல்லை. புதிய முறையில் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தைக்கூடக் கழிக்க முடியாது.

எங்கள் ஊர் நோட்டில் அப்பா சிவப்பு மையில் போட்ட 'அ' தொகையைப் பார்த்துப் போட்டது இல்லை, வீட்டைப் பார்த்துப் போட்டது. கட்டும் சக்தி என்பது சம்பளச் சீட்டின் கடைசி எண்ணில் மட்டும் இல்லை, அந்த எண்ணை நம்பி எத்தனை பேர் என்பதிலும் இருக்கிறது. தம்பதி விரும்பினால் ஒன்றாகக் கணக்குக் காட்டலாம் என்ற ஏற்பாடு பல நாடுகளில் இருக்கிறது, அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. நம் நாட்டிலும் வர வேண்டும் என்று விரும்புகிறேன். மனைவி வேலைக்குப் போவதை அது தடுத்துவிடும் என்று ஓர் எதிர்வாதம் உண்டு. உங்கள் வீட்டில் அது தலைகீழாகத்தான் இருக்கிறது.

"நான் கட்டுகிறேன், மற்றவர்கள் அனுபவிக்கிறார்கள்" என்ற தொனி உங்கள் கடிதத்தில் லேசாக இருந்தது. அதற்கு ஒரு வார்த்தை. என் அலுவலகப் பையன் வருமான வரி கட்டுவதில்லை, ஆனால் வரி கட்டாமல் இல்லை. அவன் வாங்கும் எண்ணெய்க்கும் சோப்புக்கும் ஜி.எஸ்.டி. இருக்கிறது, பைக்குக்குப் போடும் பெட்ரோலில் மத்திய வரியும் மாநில வரியும் இருக்கின்றன. பெட்ரோல் பங்க்கில் நீங்களும் அவனும் அம்பானியும் ஒரு லிட்டருக்கு ஒரே தொகைதான் கட்டுகிறீர்கள். சம்பளம் குறையக் குறைய அந்தச் சுமை கனக்கும். வருமான வரி மேல்நோக்கி ஏறுவது அந்தப் பாரத்தைக் கொஞ்சமாவது ஈடுகட்டுகிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பதவி உயர்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஹெச்.ஆரிடம், கம்பெனி தன் பங்காக என்.பி.எஸ். என்கிற ஓய்வூதியக் கணக்கில் பணம் போடுமா என்று கேளுங்கள். உங்கள் பங்காக நீங்கள் போடுவதற்குப் புதிய முறையில் கழிவு இல்லை, கம்பெனி போடுவதற்கு உண்டு, அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை. உங்கள் அடிப்படைச் சம்பளம் வருடத்துக்கு 11 லட்சம் என்றால் 1.54 லட்சம் கழியும், வரியில் 48,048 ரூபாய் குறையும். 30 சதவீத அடுக்கில் இருக்கும் பணத்திலிருந்து கழிவதால்தான் இவ்வளவு. ஆனால் அந்தப் பணத்தில் ஓய்வுக்காலம் வரை பெரும்பாலும் கை வைக்க முடியாது. மாமியாரின் சிகிச்சைக்குத் திடீரென்று பணம் தேவைப்படலாம் என்றால் 14 சதவீதம் முழுவதும் போகாமல் பாதி போங்கள். கம்பெனிகள் இதை வருடத்தின் ஆரம்பத்தில்தான் கேட்பார்கள், தேதியை விட்டுவிடாதீர்கள்.

கழிவுகள் நிறைய இருக்கும் பழைய வரிமுறைக்குப் போகலாமா என்று யாராவது யோசனை சொன்னால், 27 லட்சத்துக்கு நிலையான கழிவு போக இன்னும் 8 லட்சத்துக்குக் கழிவுகள் இருந்தால்தான் இரண்டும் சமமாகும். பி.எஃப்., எல்.ஐ.சி. என்று 1.5 லட்சமும், வீட்டுக் கடன் வட்டி 2 லட்சமும் சேர்த்தாலும் அதில் பாதிகூட வராது. உங்கள் ஃபார்ம் 16-ஐயும் புதிய சம்பளப் பிரிவுகளையும் எடுத்துவைத்து ஒருமுறை கூட்டிப் பாருங்கள். எண் இடித்தால் அதை மட்டும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.